7,000 கிலோமீட்டரில் கருகும் பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச்: எங்கே தேடுவது?

பல்லடத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடையது 1 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். கம்பெனி கணக்கில் 175 நியூட்டன் மீட்டர் டார்க். ரீமேப் (பவரைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்த பிறகு 230. முதல் கிளட்ச் 41,000 கி.மீ. ஓடியது, ரீமேப் செய்த மூன்றாவது மாதம் ஸ்லிப் அடித்தது. அடுத்துப் போட்ட கம்பெனி செட் 9,000 கி.மீ.யில் போனது. மூன்றாவதாகக் கனமான பிரஷர் பிளேட்டோடு (இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் என்ற சக்கரத்தின்மேல் கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தட்டு) பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் ஒன்றை வரவழைத்துப் போட்டார். அதுவும் 7,000 கி.மீ.யில், ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது ஸ்லிப். காலையில் வண்டி எடுக்கும்போது சரியாக இருக்கிறது, சூடேறினால்தான் வழுக்குகிறது. விற்றவர் "ஓட்டுற விதம் சரியில்லைங்க" என்கிறார். மாட்டிய மெக்கானிக் "கிளட்ச்சே டூப்ளிகேட்" என்கிறார். நான்காவதாக எதை வாங்குவது என்பது கேள்வி.

தம்பி, நான்காவதை இப்போது வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் மூன்று கிளட்ச் போயிருந்தாலும் மூன்றும் ஒரே காரணத்தால் போனதாக எனக்குத் தெரியவில்லை. முதல் இரண்டும் பாரம் தாங்காமல் போனவை. மூன்றாவது தாங்கியிருக்க வேண்டியது. அது ஏன் தாங்கவில்லை என்று கண்டுபிடிக்காமல் அடுத்ததை மாட்டினால் அதுவும் இதே 7,000-க்குத்தான் வரும்.

முதலில் அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: லைனிங்கின் (கிளட்ச் பிளேட்டின் இரண்டு பக்கமும் உள்ள உரசும் பூச்சு) உராய்வு எண், பிரஷர் பிளேட் அமுக்கும் விசை, உரசுகிற முகங்களின் எண்ணிக்கை, உரசும் வளையத்தின் சராசரி ஆரம். உங்கள் அளவு வண்டிக்கு வெளி விட்டம் 215, உள் விட்டம் 145 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி ஆரம் 90 மி.மீ. சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் உராய்வு எண் 0.3, அமுக்கும் விசை 4,500 நியூட்டன், ஒரு பிளேட்டுக்கு இரண்டு முகம். பெருக்கினால் 243 நியூட்டன் மீட்டர். 175-க்கு இது தாராளம். ரீமேப் செய்த 230-க்கு 13 தான் மிச்சம். மலையில் லைனிங் சூடேறி உராய்வு 0.25-க்கு இறங்கினால் தாங்குவது வெறும் 202. அப்போது 230 கொடுத்தால் வழுக்கத்தான் செய்யும். வழுக்கினால் சூடு, சூட்டினால் இன்னும் வழுக்கல். உங்கள் முதல் இரண்டு கிளட்ச்சும் இந்தச் சுழலில்தான் மாட்டின. அதில் மர்மம் எதுவும் இல்லை. ரீமேப் செய்து கொடுத்தவர் முன்கூட்டியே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது மூன்றாவது. கனமான பிரஷர் பிளேட்டுக்கு 6,000 நியூட்டன் என்று வைத்தால், அதே பிளேட் அளவில் 324 நியூட்டன் மீட்டர் வருகிறது. உராய்வு 0.25-க்கு இறங்கினாலும் 270. உங்கள் 230 அதற்குள் அடக்கம். அப்படியும் வழுக்குகிறது என்றால் அந்த 6,000 நியூட்டன் முழுதாகப் பிளேட்டின்மேல் விழவில்லை, அல்லது லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கு வெளியே தேட வேண்டியது அதிகம் இல்லை.

ஓட்டும் விதத்தை நான் தள்ளிவிடவில்லை. மலையில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பது எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டால் பயம் வரும். 1,200 கிலோ வண்டி, 8 சதவீத ஏற்றம், முன்னால் ஒரு பஸ். முதல் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் கிளட்ச்சை உரசவிட்டுப் பின்னால் போகாமல் பிடித்து நின்றால் சுமார் 3 கிலோவாட் வெப்பம் கிளட்ச் இருக்கும் அந்த மூடிய கூட்டுக்குள் இறங்குகிறது. திருப்பூரில் அயர்ன் டேபிள் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் மூன்றைக் கியர் பாக்ஸ் மூடிக்குள் வைத்து சுவிட்ச் போட்ட மாதிரி. ஆனால் டாப் கியரில் முழு பூஸ்ட்டில் (டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது) 500 ஆர்பிஎம் வழுக்கினால் அது 11 கிலோவாட். அதாவது, வழுக்கத் தொடங்கிய கிளட்ச்சோடு "ஊர் போய்ச் சேர்ந்துரலாம்" என்று ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் ஹாஃப் கிளட்ச்சைவிடப் பெரிய கெடுதல். நீங்கள் வால்பாறையில் இருந்து அப்படித்தான் திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு பயணத்தில் பாதி லைனிங் போயிருக்கும். ஆனாலும் அது பின்னால் நடந்தது. முதல் வழுக்கல் ஏன் வந்தது என்பதற்கு அது பதில் ஆகாது.

வண்டியைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ஸ்லிப்பை எண்ணில் பிடிப்பது. காதுக்கும் மனசுக்கும் தோன்றுவதை நம்ப வேண்டாம். ஓபிடி போர்ட்டில் (இன்ஜின் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் சாக்கெட்) சின்னக் கருவியை மாட்டி ஆர்பிஎம், வேகம் இரண்டையும் பதிவு செய்யுங்கள். ஒரு கியரில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். ஐந்தாவது கியரில் 80-இல் 2,200 என்றால் 100-இல் 2,750. முழு ஆக்ஸிலரேட்டரில் 100-இல் 3,000 காட்டினால் 250 ஆர்பிஎம் வழுக்கல். நீலாம்பூர் – செங்கப்பள்ளி ஆறுவழிச் சாலையில் அதிகாலை கூட்டம் இல்லாத நேரத்தில் பார்த்தால் போதும். குளிர்ந்த வண்டியில் ஒரு முறை, சூடான வண்டியில் ஒரு முறை. ஸ்லிப் தெரிந்தவுடன் காலை எடுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்ச்சை விட்டு இன்ஜின் நிற்கிறதா என்று பார்க்கிற பழைய முறை முழுசாகப் போன கிளட்ச்சைத்தான் காட்டும். உங்களுடையது மாதிரி டார்க் உச்சத்தில் மட்டும் வழுக்குவதை அது காட்டாது.

இரண்டாவது சோதனைதான் உங்கள் வண்டிக்கு முக்கியம். சூடேறி வழுக்கத் தொடங்கிய உடனே ஓரமாக நிறுத்தி, கிளட்ச் ஹைட்ராலிக் லைனின் பிளீடர் நிப்பிளில் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றும் திருகு) ஒரு டியூப்பை மாட்டி, காற்று உள்ளே போகாதபடி அதன் மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வைத்து, நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் பெயிண்ட்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும், தண்ணீர் கையோடு வேண்டும். பெடலை யாரும் தொடாமல் இருக்கும்போதே ஆயில் சீறிக்கொண்டு வந்து, நிப்பிளை மூடி ஓட்டிப் பார்த்தால் ஸ்லிப் நின்றிருந்தால், குற்றவாளி மேலே பெடல் பக்கம் இருக்கிறார். கிளட்ச்சின் மேல் தவறு இல்லை.

எப்படி என்றால், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்னத் துளை இருக்கிறது. பெடலில் இருந்து காலை எடுத்தால் பிஸ்டன் முழுதும் பின்வாங்கி அந்தத் துளை திறக்க வேண்டும். லைனில் இருக்கும் ஆயில் சூட்டில் விரிந்தால் அந்த வழியாக டேங்குக்குத் திரும்பிவிடும். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள புஷ்ராடில் துளிகூட இடைவெளி இல்லாமல் முறுக்கி வைத்திருந்தால் துளை மூடியே கிடக்கும். கனமான பிரஷர் பிளேட் போட்ட பிறகு கியர் சரியாக விழவில்லை என்று புஷ்ராடை நீட்டி வைக்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. காலையில் எல்லாம் சரி. மலை ஏறி இன்ஜின் அறை கொதித்ததும் ஆயில் விரிந்து, போக வழி இல்லாமல், பிரஷர் பிளேட்டின் அமுக்கத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. நீங்கள் காலே வைக்காமல் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி ஓட்டுகிறீர்கள். "சூடேறினால் மட்டும்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். பெடலைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சில மி.மீ. லேசாக ஆடி, பிறகுதான் எதிர்ப்பு தெரிய வேண்டும்.

நிப்பிளைத் திறந்தும் ஸ்லிப் நிற்கவில்லையா? அப்படியானால் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும் நாளில் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும் தம்பி. பழைய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் இரும்புக்கடைக்கு எடைக்குப் போட விடாதீர்கள். ஏர் அடித்து உள்ளே இருக்கும் தூசியை ஊதவும் விடாதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல் என்பது ஒன்று, அந்தத் தூசியில்தான் கதை இருக்கிறது என்பது இன்னொன்று.

கதை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் நீலம் பூத்த திட்டுகள், லைனிங் இரண்டு பக்கமும் சீராகத் தேய்ந்து கருகியிருந்தால் அது நாள்பட்ட வழுக்கல். தாங்கும் அளவு போதவில்லை அல்லது அமுக்கம் குறைந்திருக்கிறது. லைனிங் தடிமன் நிறைய இருந்தும் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுக்கினால், புதிதாக மாட்டிய அன்றே முழு பூஸ்ட்டில் வெளுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் தெறித்த கோடுகள் நடுவில் இருந்து வெளியே ஓடினால் சீலைப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் என்றால் கறுத்த இன்ஜின் ஆயில், கியர் பாக்ஸ் சீல் என்றால் கந்தக வாடை. பிளேட் ஏறும் தண்டின் பல்வரிசையான ஸ்ப்லைனில் கிரீஸை அள்ளி அப்பியிருந்தாலும் அது சுற்றலில் பறந்து வந்து லைனிங்கில்தான் உட்காரும். அரிசி அளவு தடவித் துடைத்துவிட வேண்டிய இடம் அது.

டயாபிரம் விரல்களின் (ரிலீஸ் பேரிங் அழுத்துகிற, பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கின் நாக்குகள்) நுனி ஒரு பக்கம் மட்டும் அரைபட்டிருந்தால் பேரிங் நடுவில் உட்காரவில்லை, நேராகப் பொருத்தும் டோவல் பின் இல்லாமல் கியர் பாக்ஸை ஏற்றியிருக்கிறார்கள். எல்லா விரலும் சீராக ஆழமாகத் தேய்ந்திருந்தால் பேரிங் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பிரஷர் பிளேட்டைப் பிடித்திருக்கும் மெல்லிய எஃகுப் பட்டைகள் நெளிந்திருந்தால் கியரைக் குறைக்கும்போது பலத்த உதை விழுந்திருக்கிறது, அல்லது மாட்டுவதற்கு முன்பே யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்பிரிங்குகள் உடைந்திருந்தால் நான்காவது கியரில் 1,300 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுக்கிற பழக்கம் இருக்கிறதா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். டர்போ ரீமேப் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

லைனிங் துண்டு துண்டாக வெடித்துச் சிதறியிருந்தால் அது வேறு ஜாதி விபத்து. இதில் இன்ஜின் வேகம் சம்பந்தமே இல்லை. முதல் கியரில் உங்கள் வண்டி 6,500 ஆர்பிஎம்முக்கு 45 கி.மீ. வேகம் போகும் என்று வையுங்கள். இறக்கத்தில் 90-இல் வரும்போது கிளட்ச்சை மிதித்துக்கொண்டு தவறி முதல் கியரில் தள்ளினால், கிளட்ச்சை விடாவிட்டாலும் பிளேட் மட்டும் 13,000 ஆர்பிஎம்மில் சுற்றும். திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற இடத்தில் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடி உருண்டு வருவது இதனால்தான் ஆபத்து. பிரேக் சூடேறுவது தனிக் கணக்கு.

இனி உங்கள் வண்டியில் நான் சந்தேகப்படும் இரண்டாவது இடம். மூன்றாவது கிளட்ச் போடும்போது ஃப்ளைவீலைக் கோவை கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் கொடுத்து முகம் எடுத்ததாக (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) சொல்கிறீர்கள். எவ்வளவு எடுத்தார்கள், எந்தெந்த முகத்தில் எடுத்தார்கள் என்று எழுதவில்லை. கோயமுத்தூர் லேத்துக்காரர்களின் கைத்திறமை பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பம்ப்செட் செய்து பழகிய கை. ஆனால் அவர்களிடம் நாம் என்ன சொல்கிறோமோ அதைத்தான் செய்வார்கள். பல வருடங்களுக்கு முன் ராலி வண்டி ஒன்றுக்கு நான் "உரசுற முகத்தை மட்டும் சுத்தமா எடுத்துக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அழகாக எடுத்துக் கொடுத்தார். அந்த ஃப்ளைவீல் கிண்ணம் மாதிரிப் படி வைத்தது. பிரஷர் பிளேட் போல்ட் ஏறும் முகம் மேலே, உரசும் முகம் கீழே. கீழே மட்டும் 0.6 மி.மீ. போனதும் படியின் உயரம் 0.6 கூடிவிட்டது. புத்தம் புதுப் பிளேட் மாட்டியும், பிரஷர் பிளேட்டின் கண்ணுக்கு அது 0.6 மி.மீ. தேய்ந்த பிளேட். ஒரு பிளேட்டின் மொத்தத் தேய்மான இடமே இரண்டு, இரண்டரை மி.மீ. தான். இரண்டு பிளேட் எரிந்த பிறகுதான் டெப்த் கேஜை வைத்து அளந்தேன். அந்த வண்டிக்காரரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து ஃப்ளைவீல் லேத்துக்குப் போவதற்கு முன் படியின் உயரத்தைச் சாக்பீஸால் அதன் பின்புறமே எழுதி அனுப்புகிறேன். உரசும் முகத்தில் எவ்வளவு எடுத்தால் போல்ட் முகத்திலும் அவ்வளவு எடுக்க வேண்டும்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. உங்கள் வண்டியில் ரிலீஸ் பேரிங்கும் அதைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் ஒரே கட்டாக, கியர் பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பிளேட் தேயத் தேய டயாபிரம் விரல்கள் கியர் பாக்ஸ் பக்கம் நகரும். அந்தச் சிலிண்டர் பின்வாங்கி இடம் கொடுக்க வேண்டும். வெளியில் இருந்து வரும் கனமான பிரஷர் பிளேட்டுகளில் விரல் உயரம் சில மி.மீ. கூட இருப்பது உண்டு. முதல் நாள் மாட்டும்போது சிலிண்டர் ஏறக்குறைய முழுதும் அமுங்கிய நிலையில் தொடங்குகிறது. 5,000, 6,000 கி.மீ. ஓடிப் பிளேட் அரை மி.மீ. தேய்ந்ததும் பின்வாங்க இடமில்லை. பேரிங் சுவரில் முட்டி நின்று, விரல்களைத் திருப்பித் தள்ளுகிறது. அமுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. புதிதில் நன்றாக இருந்து சில ஆயிரம் கிலோமீட்டரில் எரிகிற பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச்களில் நான் முதலில் அளப்பது இதைத்தான். முகம் எடுத்த படியும் அதே திசையில்தான் விரல்களைத் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் உங்கள் 7,000 கி.மீ. சரியாகப் பொருந்துகிறது.

அளப்பது கஷ்டம் இல்லை. பிரஷர் பிளேட்டைப் போல்ட் இறுக்கி மாட்டிய பிறகு, இன்ஜின் பக்கம் கியர் பாக்ஸ் ஒட்டும் முகத்தில் நேர்பட்டையை வைத்து விரல் நுனி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கியர் பாக்ஸ் பக்கம் சிலிண்டரை முழுதும் அமுக்கிப் பிடித்து, பேரிங் முகத்துக்கு அதே முகத்தில் இருந்து எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பின்வாங்க இருக்கும் இடம். புதுப் பிளேட்டில் 3, 4 மி.மீ. ஆவது இருக்க வேண்டும். 1 மி.மீ. தான் வந்தால் அந்தச் செட் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. விலை எவ்வளவு கொடுத்திருந்தாலும் மாட்டாதீர்கள். திருப்பிக் கொடுக்க முடியாதென்றால் அந்த அளவுகளை விற்றவருக்கு எழுதி அனுப்புங்கள். "ஓட்டுற விதம்" என்ற பேச்சுக்கு அந்த எண்கள் பதில் சொல்லும்.

உங்களுடையது ஒரே கட்டி ஃப்ளைவீல் என்பதால் லேத்துக்குப் போனது தப்பில்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு லேத்துக்கு ஓட வேண்டாம். அதற்குள் கிரீஸும் ஸ்பிரிங்கும் இருக்கிறது, தேய்ந்தால் மாற்றுவதுதான் வழி.

நான்காவது கிளட்ச் எது என்ற கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன அளவுகள் சரியாகி, புஷ்ராடும் சரியாகிவிட்டால், 230 நியூட்டன் மீட்டருக்கு நல்ல ஆர்கானிக் லைனிங்கும் சற்றே கூடுதல் அமுக்கமுள்ள பிரஷர் பிளேட்டும் போதும். 300 தாங்கினால் நிறைவு. நண்பர்கள் சொல்வதைக் கேட்டு முழு வளையத்துக்குப் பதில் தனித்தனிக் கால்களில் லைனிங் வைத்த நான்கு கால், ஆறு கால் செராமிக் பிளேட்டுக்குப் போகாதீர்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நாள் முழுக்கச் சுற்றுகிற வண்டிக்கு அது சரி. காந்திபுரம் சிக்னலில் தினமும் நிற்கிற வண்டிக்கு அது சுவிட்ச் மாதிரித்தான் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் வண்டி குதிக்கும், கியர் பாக்ஸ் அடி வாங்கும். பிரஷர் பிளேட்டிலும் பேராசை வேண்டாம். மிகக் கனமானதை சிக்னலில் மிதித்தபடியே நின்றால் அந்த விசை முழுதும் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் போய் நிற்கும். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும் அன்றே கிராங்க்கை முன்னும் பின்னும் தள்ளி டயல் கேஜில் ஆட்டத்தைப் பார்த்து, உங்கள் இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் எல்லைக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிராங்க்கின் பின்பக்க சீலையும் அன்றே மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை கியர் பாக்ஸை இறக்குவது வீண் செலவு.

மாட்டிய பிறகு 800 கி.மீ. பொறுமை வேண்டும். பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் ஊருக்குள் போய் வருகிற ஓட்டம், நிறைய நின்று கிளம்புகிற ஓட்டம்தான் லைனிங்கைப் படிய வைக்கும். நேர்ரோட்டில் 300 கி.மீ. ஒரே மூச்சில் ஓட்டினால் அது கணக்கில் வராது, கிளட்ச் உரசவே இல்லையே. ரீமேப் செய்தவரிடம் சொல்லி அந்த 800-க்கும் பழைய மேப்பை ஏற்றி வைப்பது இன்னும் நல்லது. வால்பாறையின் 40 வளைவும் அதற்கப்புறம்.

கியர் பாக்ஸ் இறக்கும் அன்று ஐந்து போட்டோ எடுத்து அனுப்புங்கள்: பிளேட்டின் இரண்டு பக்கம், ஃப்ளைவீல் முகம், பிரஷர் பிளேட் முகம், டயாபிரம் விரல் நுனிகள். கூடவே அந்த மூன்று அளவுகள்: படியின் உயரம், விரல் தூரம், பேரிங் தூரம். அவற்றைப் பார்த்த பிறகு எந்தச் செட் வாங்கலாம் என்று பேசுவோம்.